மறுமொழி: கீசரின் ‘ஸ்டாண்டிங் லாஸ்’ – சூடாறல் இழப்பு

அனைவருக்கும் வணக்கம். கீசரில் சூடாக்கி வைத்த தண்ணீர் பயன்படுத்தாமலே ஆறுவதால் வீணாகும் மின்சாரத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்டிங் லாஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘நிலை இழப்பு’ என்றே வைத்துவிடலாமே? சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று படித்த பிள்ளைகள், நிலை ஆற்றல்தான் குறைகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘இருப்பு இழப்பு’ என்றால் சரக்குக் கணக்கு நினைவுக்கு வரும்.

நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். இங்கே கோத்தகிரியில் மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வையுங்கள். 15 லிட்டர் கீசரில் அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.8 யூனிட் வேண்டும். 2,000 வாட் காயிலுக்கு 24 நிமிட வேலை. அந்த மின்சாரம் வெந்நீராகி நமக்குப் பயன்படுகிறது, சரி. அப்புறம் யாரும் குழாயைத் திறக்காமலே, அணைந்திருந்த சிவப்பு விளக்கு ‘டக்’கென்ற சத்தத்தோடு மறுபடி எரிகிறதே, அதற்குத்தான் பெயர் தேடுகிறோம். தொட்டியைச் சுற்றி எவ்வளவு கனமாக ஃபோம் வைத்தாலும் சூடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். தண்ணீர் ஆறியதும் தெர்மோஸ்டாட் காயிலை மீண்டும் போட்டுவிடும். வெளியே 10 டிகிரி என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு 50 டிகிரி. சென்னையில் 30 டிகிரி வெயிலில் அது 30தான். அதே கீசர் இங்கே ஒன்றரை மடங்குக்கும் மேல் இழக்கிறது. மலைவாசிகளுக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிளுக்காக இந்த இழப்பை அளப்பதும் 45 டிகிரி வேறுபாட்டில் 24 மணி நேரத்துக்கு இத்தனை யூனிட் என்றுதான் வருகிறது.

டிவியின் ‘ஸ்டாண்ட்பை’யை இதோடு சேர்க்க வேண்டாம். அங்கே ரிமோட்டுக்காக விழித்திருக்கும் மின்சுற்று மின்சாரம் எடுக்கிறது. அதற்குக் ‘காத்திருப்பு மின்செலவு’ போதும்.

‘சூடு ஆறிப்போச்சு’ என்பதுதான் எல்லோர் வாயிலும் வருவது. அதிலிருந்து ‘ஆறலிழப்பு’ என்று ஆக்கலாம்; ஆனால் ‘ஆற்றலிழப்பு’க்கும் அதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், அச்சில் மாறிவிடும். (இலங்கையில் ஆற்றலைச் சக்தி என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் இரு பக்கமும் ஒரே சொல் புழங்குவது நல்லது.) ஆகவே என் பரிந்துரை ‘சூடாறல் இழப்பு’. ‘சூடாறல் இழப்பு குறைந்த கீசர் இருக்கிறதா?’ என்று குன்னூர்க் கடைவீதியில் தயங்காமல் கேட்கலாம்.

ஃப்ரிட்ஜுக்கு இது பொருந்தாது. அங்கே சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. அதற்கு ‘வெப்பப் புகவு’ சரிவருமா? சொல்லுங்கள்.