கடைக் கடனும் லூக்கா 6:35-ம்: யோசனை சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன், அக்காமார்களுக்கு ஸ்தோத்திரம். காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். மகள் கல்யாணச் சீருக்கு மனகோலமும் அதிரசமும் வாங்கிப் போனவர் பாதிப் பணம்தான் தந்தார். கேட்டால் “அடுத்த மாசம்” என்கிறார். அவர் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும்.

திருப்பி எதிர்பாராமல் கடன் கொடுக்கச் சொல்கிறது வேதாகமத்தின் லூக்கா 6:35. வட்டிக் கணக்குக்குப் பேர்போன செட்டிநாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்! ஆனால் முறுக்குச் சுற்றும் அக்காக்களுக்குச் சனிக்கிழமை கூலி தந்தாக வேண்டுமே. அதை நிறுத்தினால், வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைப்பவரைக் கண்டிக்கும் யாக்கோபு 5:4 வசனம் என்னைத்தான் சுடும்.

மொத்தமாக விட்டுவிடவா, தவணையாகக் கேட்கவா? வியாபாரம் செய்கிறவர்கள் நிஜமாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். “ஜெபியுங்கள்” என்று மட்டும் போடவேண்டாம், அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.