தேடுபொறி மாநாட்டிலிருந்து 40 பக்கக் குறிப்புகளோடு வந்திருக்கிறேன்: எதிலிருந்து தொடங்குவது?

அல்சூர் விளக்குக்கடை:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் குடும்பம் நடத்திவரும் பித்தளை விளக்குக் கடையின் இணையதளத்தை மூன்று ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் பக்கங்கள் இருந்தும், கூகுள் வழியாக வருவோர் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களுக்கே வருகிறார்கள். இதற்கு வழி தேடித்தான் சென்ற வாரம் ஒயிட்ஃபீல்டில் இரண்டு நாள் நடந்த தேடுபொறி உகப்பாக்க (கூகுள் போன்றவற்றின் தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை) மாநாட்டுக்குக் கைப்பணம் போட்டுச் சென்று வந்தேன்.

குறிப்பேடு நிறைந்துவிட்டது, ஆனால் தெளிவு பிறக்கவில்லை. பக்கம் திறக்கும் வேகத்தைச் சரிசெய்தால் போதும் என்றார் ஒருவர். வெளித்தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகளை விலைக்கு வாங்காமல் முன்னேறவே முடியாது என்றார் அடுத்தவர். தேடல் முடிவுகளுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த பதில் வந்துவிடுவதால் பழைய முறைகள் எல்லாம் பயனற்றுப் போயின என்றார் மாலையில் பேசியவர். மூவரும் வரைபடங்களைக் காட்டித்தான் பேசினார்கள்.

தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண்மணி என் தளத்தின் சர்ச் கன்சோலை (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் இலவசக் கருவி) காட்டச் சொன்னார். கைப்பேசியில் திறந்து காட்டினேன். தமிழ்ப் பக்கங்களில் பாதிக்கு மேல், கூகுள் வந்து பார்த்தும் இண்டெக்ஸில் (தேடல் முடிவுகளை எடுத்துக் காட்டும் கூகுளின் பக்கத் தொகுப்பில்) சேர்க்காதவை என்ற பட்டியலில் கிடந்தன. "மேடையில் கேட்ட எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அமர்வுக்குப் போய்விட்டார். நான் எதைப் பார்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இந்திராநகர் வாசி:

வணக்கம் சகோதரி. அந்தப் பெண்மணி சொன்ன ஒரு வரி உங்கள் நுழைவுக் கட்டணத்துக்கு ஈடானது என்றே நான் கருதுகிறேன். மேடையில் பேசிய மூவரும் உங்கள் பக்கங்கள் ஏற்கெனவே இண்டெக்ஸில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்கள். கூகுளின் செயற்கை நுண்ணறிவுத் தொகுப்பு இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. அதில் இணைப்பாக இடம்பெறவும் பக்கம் முதலில் இண்டெக்ஸில் இருந்தாக வேண்டும், அதற்கென்று தனிக் குறியீடு எதுவும் தேவையில்லை என்று கூகுளே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது.

வேகத்துக்கும் அளவுகோல் உண்டு. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும்; தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் திரை அசைய வேண்டும் என்ற அளவு 2024 மார்ச்சில் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. இவை உண்மையான பயனர்களின் வருகையிலிருந்து கணக்கிடப்படுவதால், வருகை குறைந்த தளத்துக்குச் சர்ச் கன்சோலின் வேக அறிக்கையே வெறுமையாக இருக்கக்கூடும். ஆகவே அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இணைப்புகளை வாங்கும் யோசனையை மட்டும் குறிப்பேட்டிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். 2011இல் இப்படியொரு கூட்டத்தில் கேட்டதை நம்பி, அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்துக்காக நூற்றுக்கணக்கில் இணைப்புகளை வாங்கினோம். 2012 ஏப்ரலில், இப்படிச் செயற்கையாகச் சேர்த்த இணைப்புகள் உள்ள தளங்களைப் பின்னுக்குத் தள்ளும் பெங்குவின் மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் வருகை சரிந்தது, அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லி எழுதியே ஓர் ஆண்டு கழிந்தது. அன்றிலிருந்து மாநாட்டுக் குறிப்பு ஒவ்வொன்றின் ஓரத்திலும், இது தேடுபொறியின் ஆவணத்தில் உள்ளதா, பேசியவர் தம் தளத்தில் செய்து பார்த்ததா, அவர் விற்கும் கருவிக்குச் சாதகமானதா என்று குறித்துவிடுவது என் வழக்கம். மூன்றாம் வகையே அதிகமாக இருக்கும். அவற்றை ஒதுக்கிய பிறகு 40 பக்கம் ஐந்தாறு பக்கமாகிவிடும்.

சிவாஜிநகர் அச்சுக்கோப்பு:

நான் தேடுபொறித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் அச்சுக்கோப்பு வேலை செய்பவன். ஆங்கிலப் பக்கங்கள் சேர்ந்து தமிழ்ப் பக்கங்கள் மட்டும் சேரவில்லை என்பதைப் படித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. உங்கள் தமிழ் விளக்கவுரைகள் எழுத்தாக உள்ளனவா, படமாக உள்ளனவா? எழுத்தென்றால், ஒரு வரியை விரலால் அழுத்திப் பிடித்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதியது கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் கலவை. 'விளக்கு' என்று தட்டினால் உள்ளே டீ, பீ, எஸ், எஃப், ஓர் அரைப்புள்ளி, ஒரு பெரிய எஃப் ஆகியவையே இருக்கும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் கணினிக்குள் தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட பிறகும், துண்டறிக்கை அச்சிடும் இடங்களில் இன்றுவரை பாமினிதான் புழங்குகிறது. அங்கிருந்து எடுத்து அப்படியே தளத்தில் ஏற்றியவர்கள் பலரை நான் அறிவேன்.

புதிய உறுப்பினர்:

இடையில் ஒரு சிறு ஐயம். பக்க முகவரியையும் தமிழிலேயே வைக்கலாமா?

இந்திராநகர் வாசி:

வைக்கலாம், கூகுள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நகலெடுத்துப் பகிரும்போது முகவரி குறியீடாக மாறினால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் ('மி' என்பதில் எழுத்து ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறிகள்) ஒன்பது எழுத்துகளாக நீள்வதால், 'தமிழ்' என்ற சொல்லே 45 எழுத்துகளாகிவிடும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது வாடிக்கையாளர் மிரண்டுபோவார். எனவே நான் முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்திலேயே வைக்கிறேன்.

அல்சூர் விளக்குக்கடை:

அச்சுக்கோப்பு ஐயா சொன்னபடி நேற்றிரவே ஒட்டிப் பார்த்தேன். அன்னம் வைத்த குத்துவிளக்கின் விளக்கவுரை முழுவதும் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தளத்தை முதலில் அமைத்தவர் துண்டறிக்கை உரையைப் பாமினி எழுத்துருவோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார். மற்றப் பக்கங்களில் உரை படமாகவே இருக்கிறது. இத்தனை நாளும் கூகுளுக்கு எங்கள் தமிழ்ப் பக்கத்தில் படிக்கக் கிடைத்தது விலையும் தொலைபேசி எண்ணும் மட்டுமே.

கருவி கொண்டு மாற்றிய உரையில் பிழைகள் வந்ததால், அப்பா படிக்கப் படிக்க நானே யூனிகோடில் தட்டெழுதத் தொடங்கியிருக்கிறேன். அப்படி எழுதும்போது, துண்டறிக்கையில் 'தீபஸ்தம்பம்' என்று இருப்பதைக் கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று அப்பா நிறுத்தினார். 'அஞ்சு முக விளக்கு' என்றுதான் கேட்பார்களாம். சர்ச் கன்சோலில் தேடல் சொற்களைப் பார்த்தேன்: அதே 'அஞ்சு முக விளக்கு', ஆங்கில எழுத்தில் தட்டப்பட்டு, வரிசையில் இருந்தது. ஆகவே தலைப்பில் மக்கள் சொல்லையும் உரையில் அப்பாவின் சொல்லையும் வைக்கிறேன்.

இன்று காலைவரை 11 பக்கங்கள் முடிந்திருக்கின்றன. அவற்றை மறுபடி பார்க்கும்படி கூகுளுக்குக் கோரிக்கை அனுப்பிவிட்டேன். கன்னடப் பக்கங்களிலும் இதே சிக்கல் இருக்கிறதா என்று மாலையில் ஒட்டிப் பார்க்கப்போகிறேன்.