பாலக்கோடு மட்டும் சிக்கவில்லை

தருமபுரியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன மாசம் ஒரு கும்பாபிஷேக மலர் வேலை. உபயதாரர் போட்டோவுக்குக் கீழே பேர், ஊர். ஊர்ப் பேர் மட்டும் போல்டில், சிவப்பில் வரணும் என்றார்கள். பக்கம் கட்டும் இன்டிசைன் சாஃப்ட்வேரில், பேட்டர்ன் கொடுத்துத் தேடி மாற்றும் கிரெப் இருக்கும்போது இதெல்லாம் ஒரு வேலையா என்று காரிமங்கலம், அரூர், பாலக்கோடு, தொப்பூர், மொரப்பூர் என எல்லாவற்றையும் நடுவே செங்குத்துக் கோடு போட்டு எழுதி, சேஞ்ச் ஆல் தட்டிவிட்டேன்.

ப்ரூஃப் பார்க்க வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏந்தம்பி, எங்க ஊரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். பாலக்கோட்டுக்காரர். அந்த ஊர் ஒரு பக்கத்தில் சிவப்பு, அடுத்த பக்கத்தில் கறுப்பு. தொப்பூர், மொரப்பூரும் அப்படித்தான். அரூரும் காரிமங்கலமும் ஒன்றுகூட விடுபடவில்லை.

வழக்கம்போல ஃபான்ட்டைத் திட்டினேன். தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ப்ரிஃபரன்ஸ் ஃபைலையும் அழித்தேன். அரை நாள் போச்சு.

கடைசியில் கறுப்புப் பாலக்கோட்டை நோட்பேடில் ஒட்டி, 'டு'வை அழித்துவிட்டு பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தட்டு. 'பாலக்கே' என்று நின்றது. சிவப்பை ஒட்டித் தட்டினால் 'பாலக்க'. அங்கேதான் விஷயம். கம்ப்யூட்டர் எழுத்துக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் 'ோ' ஒரே எழுத்தாகவும் இருக்கும், 'ே' கூட 'ா' சேர்ந்த இரண்டு எழுத்தாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கிரெப்புக்கு வேறு வேறு. ஒ, ஓ, ஔ வரிசையில் மட்டும்தான் இந்தத் தொல்லை. அரூர் தப்பித்தது அதனால்.

இரண்டு எழுத்து எங்கிருந்து வந்தது? போட்டோக்களில் பாதி, ஸ்டுடியோக்காரரின் பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து ஜிப்பாக வந்தவை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், ஃபைல் பேரில் இந்த எழுத்துகளைப் பிரித்துத்தான் சேமிக்கும். நானோ ஃபைல் பேரையே கேப்ஷனாக இழுத்திருந்தேன். என் விண்டோஸில் ஒரே ஃபோல்டரில் ஒரே பேரில் இரண்டு ஜேபெக் உட்கார்ந்திருந்ததை முன்னாடியே பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

இப்போது எந்த ஃபைல் வந்தாலும் முதல் வேலை: 'ே' அடுத்து 'ா' வந்தால் 'ோ', 'ெ' அடுத்து 'ா' வந்தால் 'ொ'. பிறகுதான் மற்றதெல்லாம். தேடும் கட்டத்தில் கையால் அடித்தால் சில கீபோர்டு தானாகவே சேர்த்துவிடும். டாக்குமென்டிலிருந்தே காப்பி பண்ணுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பின்னூட்டம்:
அண்ணே, மேக்கே இல்லாமல் எனக்கும் இதே கூத்து. மாங்கன்று நர்சரி விலைப்பட்டியல். நீலம், செந்தூரா சிக்குது, மல்கோவாவும் அல்போன்சாவும் டிமிக்கி. யூனிகோடு அல்லாத பழைய பாமினி ஃபான்ட்டில் அடித்த மேட்டரை ஏதோ கன்வர்ட்டரில் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பாமினியில் கொம்பு, எழுத்து, கால் என்று தனித்தனியாகத்தானே அடிப்போம், கன்வர்ட்டரும் கொம்பையும் காலையும் ஒட்டாமலே விட்டிருக்கு. அதோடு ஊத்தங்கரையில் 'ஊ'வுக்குப் பதில் 'உ' போட்டுப் பக்கத்தில் 'ள'. அதை யார் அடித்தார்களோ, அவர் கையில் கிடைத்தால் பேசிக்கொள்கிறேன். உங்கள் கிரெப்பை அப்படியே அனுப்ப முடியுமா?

மறுபடி நான்:
முடியும் தம்பி. சேவ் பண்ணிய க்வெரி, அதாவது தேடி மாற்றும் கட்டளை, வெறும் எக்ஸ்எம்எல் ஃபைல்தான், மேக்கோ விண்டோஸோ கவலையில்லை. ஃபைண்ட் சேஞ்ச் க்வெரீஸ் ஃபோல்டருக்குள்ளே கிரெப் என்று இருக்கும், அதில் போடுங்கள். விண்டோஸில் அது ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும், ஹிட்டன் ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டுத் தேடுங்கள். 'உள' விஷயத்தைப் பொதுவாக மாற்றிவிடாதீர்கள். 'உள்ளது', 'உளவு' எல்லாம் 'ஊ' ஆகிவிடும். ஊத்தங்கரை என்று முழுசாக எழுதியே மாற்றுங்கள்.