மறு: வீல் பிரஷ் – தூரிகையா, துலக்கியா?

வணக்கம்.

கார் கழுவும் பொருள்களின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த விவாத இழையை வெள்ளிக்கிழமையே படித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், பட்டியலில் உள்ள பொருள்களில் பாதியை நான் கையால் தொட்டதே இல்லை என்பது உறைத்தது. சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் போகும் வாட்டர் வாஷ் கடைக்குப் போனேன். ஓட்டி வந்த வண்டியில் உடனே தண்ணீர் அடிக்க மாட்டார்கள். பிரேக் தட்டும் ரிம்மும் சூடு ஆற வேண்டும். சூட்டில் ஷாம்பு தெளித்தால் தேய்ப்பதற்குள் காய்ந்து கறையாகிவிடும். அந்த அரை மணி நேரம் எனக்கு வசதியாகப் போயிற்று.

> வீல் பிரஷ் = சக்கரத் தூரிகை
> பேரல் பிரஷ் = பீப்பாய்த் தூரிகை
> பிரேக் டஸ்ட் = தடைத்தூசி

கடைசிச் சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதில்தான் வழக்கு.

பிரேக் பிடிக்கும்போது பேடும் (தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) வார்ப்பிரும்புத் தட்டும் உரசி உதிர்வதுதான் இது. அதில் இரும்பு நிறைய உண்டு. சூட்டோடு தெறித்து ரிம்மில் ஒட்டும். ஈரம் பட்டதும் ஒட்டிய இடத்திலேயே துருப்பிடித்துச் செம்புள்ளியாகிவிடும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் முன்னால் திறந்த தட்டுள்ள டிஸ்க் பிரேக், பின்னால் மூடிய டிரம் பிரேக். டிரம் தன் பொடியைப் பெரும்பாலும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். போதாததற்கு, பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாய்கிறது, முன் பிரேக்தான் அதிகம் உழைக்கிறது. பின் சக்கரம் பளிச்சென்று இருக்க, முன் சக்கரம் மட்டும் அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்திருப்பது இதனால்தான்.

தூசி என்றால் காற்றில் வந்து படிவது, துணியால் ஒரு தட்டுத் தட்டினால் போவது. நானும் அப்படி நினைத்துத்தான் பல மாதம் காய்ந்த துணியால் ரிம்மைத் துடைத்தேன். ஒருநாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தால், ரிம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். இரும்புப் பொடியைத் துணியில் ஏற்றி உப்புத்தாள் போடுவது போலத் தேய்த்திருக்கிறேன்! ரிம்மின் மேலுள்ள நிறமற்ற கண்ணாடிப் பூச்சு (கிளியர் கோட்) ஏறத்தாழ ஒரு தலைமுடிப் பருமன்தான் இருக்கும், அது எவ்வளவு தாங்கும்? இரும்பை அரத்தால் ராவும்போது உதிர்வதற்கு ‘அரப்பொடி’ என்று நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. இதுவும் அதே சாதி. ஆகவே ‘பிரேக் பொடி’ என்றே வைக்கலாம். பொடி என்று கேட்டால் முதலில் தண்ணீர் அடித்துக் கழுவத் தோன்றும். பிரேக்கைத் தடை என்பதா, நிறுத்தி என்பதா என்பதற்குத் தனி விவாத இழை போடுங்கள், அது ஒரு வாரம் ஓடும்.

அடுத்தது பீப்பாய். ரிம்மின் உட்புற வளைவை ஆங்கிலத்தில் பேரல் என்கிறார்கள், நாமும் உருட்டிக்கொண்டு வர வேண்டுமா? கடையில் ஒரு பையன் ரிம்மின் முகத்தையே சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: “மேல தேய்ச்சது போதும்டா, உள்ள விட்டுக் கொடஞ்சு எடு!” எனக்கு அங்கேயே சொல் கிடைத்துவிட்டது. குடைதுலக்கி. காது குடைகிறோம், பழத்தைக் குடைகிறோம். ஆரக்கால்களின் இடைவெளியில் நுழைந்து, பேடைப் பிடித்திருக்கும் பிரேக் காலிப்பரைத் தாண்டி, வட்டையின் (ரிம்மின்) உட்புறத்தைச் சுற்றி வருவதும் குடைவதுதான். வினைத்தொகை என்பதால் இடையில் ‘த்’ போட்டுவிடாதீர்கள். போட்டால் மழைக்குப் பிடிக்கும் குடையைத் துலக்குவதாகிவிடும்.

இந்த வகையில் வாங்கும்போது பார்க்க வேண்டியது நுனி. முறுக்குக் கம்பியில் நைலான் இழை செருகியது ஒன்று கிடைக்கும், பாட்டில் கழுவும் பிரஷ்ஷுக்கு அண்ணன் போல இருக்கும். நான் முதலில் வாங்கியது அதுதான். பத்துக் கழுவலில் நுனி இழைகள் உதிர்ந்து, மொட்டைக் கம்பி உள்வட்டம் முழுக்கக் கோடு போட்டுவிட்டது. இப்போது கடையில் வைத்திருப்பது பிளாஸ்டிக் தண்டில் மைக்ரோஃபைபர் உறை போட்டது. கீறுவதற்கு அதில் உலோகமே இல்லை.

தூரிகையை நான் மறுப்பதற்குக் காரணம், அது வண்ணத்தைப் பூசுவது. இது அழுக்கை எடுப்பது. பல் துலக்குகிறோம், பாத்திரம் துலக்குகிறோம், சக்கரத்தையும் துலக்குவோம். முன்னொட்டாக இழை எதுவென்று சேர்த்துவிட்டால் போதும்: நைலான் துலக்கி, முடித் துலக்கி. (மயிர்த்துலக்கிதான் இலக்கணமாக நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தக் கடைக்காரர் அட்டையில் அச்சடிப்பார்?) பன்றி முடியின் நுனி இயல்பாகவே பல கீற்றாகப் பிளந்திருக்கும், அதனால் நுரையை நன்றாகப் பிடிக்கும், பூச்சையும் குத்தாது. நறுக்கிவிட்ட மொட்டை நைலான் நுனி அப்படியில்லை. நைலானிலும் நுனியைப் பிளந்து விற்கிறார்கள், அதற்குப் ‘பிளநுனி’ என்று வைக்கலாம்.

இழையைப் பெயரிலேயே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒட்டிய இரும்புப் பொடியைக் கரைக்கும் இரும்பு நீக்கி மருந்தைத் தெளித்ததும் ரிம்மில் ஊதா நிறம் வழிகிறதே, அதில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடி நீக்கும் கிரீம்களில் இருப்பதும் இதே குடும்பம்தான், நாற்றத்திலேயே தெரியும். பன்றி முடியும் முடிதானே? அந்த மருந்தில் ஊறப்போட்டால் நாளடைவில் துவண்டுவிடும். இரும்பு நீக்கிக்கு நைலான், ஷாம்புவுக்கு முடி.

ஆரக்கால், வட்டை, குடம் என்று மாட்டுவண்டிச் சொற்களையே ஸ்போக், ரிம், ஹப் மூன்றுக்கும் எடுத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கோவையிலிருந்து

——

வணக்கம் அண்ணா.

குடைதல் நல்லாயிருக்கிறது. பிரேக் பொடிக்கும் என் வாக்கு. மற்றவற்றில் இரண்டு முறைப்பாடு.

ஒன்று, எங்களுக்கு இது சக்கரம் இல்லை, சில்லு. காருக்கும் சில்லு, சைக்கிளுக்கும் சில்லு. நீங்கள் அந்தச் சொல்லைச் ‘சிப்’ என்பதற்காகக் கணினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

இரண்டு, தூரிகை பூசுவதற்கு மட்டும் என்று யார் சொன்னது? இங்கே பற்தூரிகை என்றுதான் எழுதுகிறோம், அதால் பல்லுக்கு வண்ணம் அடிப்பதில்லை. துலக்குவது என்றதும் எனக்குக் கண்ணில் வருவது சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு அடிப்பிடித்த சட்டியை உரஞ்சுவது. தூசி என்றால் ஆள் காய்ந்த துணியை எடுப்பான் என்று சொன்னீர்கள். துலக்கி என்றால் தும்பை எடுத்துக்கொண்டு வரமாட்டானா?

யாழ்ப்பாணத்திலிருந்து

——

தம்பி,

பற்தூரிகை என்னை மடக்கிவிட்டது. என் வாதத்தையே திருப்பிப் போட்டுவிட்டீர்கள்.

மெதுவானதற்கு ‘வருடி’ என்று போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அது எப்போதோ ஸ்கேனருக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை மறுபடி கடைப்பக்கம் போனேன். டயரின் ரப்பருக்குக் குட்டையான, விறைத்த இழை உள்ள பிரஷ். அதைப் பையன் தோளை இறக்கி அழுத்தித்தான் தேய்க்கிறான். ரிம்மின் முகத்துக்கு வேறொன்று, அதை நுரையில் தோய்த்து அழுத்தாமல் சுழற்றுகிறான். இரண்டுக்கும் வாளியும் வேறு. கையே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை நான்தான் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்திருக்கிறேன். அதனால் பட்டியலை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

டயர் பிரஷ் – டயர்த் துலக்கி
வீல் பிரஷ் – சக்கரத் தூரிகை, சில்லுத் தூரிகை
பேரல் பிரஷ் – குடைதூரிகை
பிரேக் டஸ்ட் – பிரேக் பொடி

குடைதூரிகையிலும் ‘த்’ வேண்டாம்.