கிரேடு 3 முடித்தபின் என்ன வாசிக்கலாம்? சின்ன ரொமாண்டிக் பியானோ பீஸ்கள்

இரவுமெட்டு:
கிரேடு 3 (பியானோ தேர்வின் மூன்றாம் நிலை) அளவுக்கு வாசிக்க வரும். 88 கட்டை டிஜிட்டல் பியானோ, ஒரு சஸ்டெய்ன் பெடல் இருக்கிறது. கை சிறியது, ஒரு ஆக்டேவ் (ஒரு ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை) தான் எட்டும். ரொமாண்டிக் காலத்து (19ஆம் நூற்றாண்டு மேற்கத்திய இசை) பீஸ்களில் ஒரு பக்கம், இரண்டு பக்கத்துக்குள் முடிவதாக மூன்று சொல்லுங்கள். ஷூமானின் ‘ட்ராய்மெராய்’ மெதுவாகத்தானே போகிறது, அதிலேயே தொடங்கலாமா?

நடுக்குரல்:
ட்ராய்மெராய் இப்போது வேண்டாம். 24 பார் (தாளக் கட்டம்) தான், வேகமும் குறைவுதான். ஆனால் பெரும்பாலும் நான்கு குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் போகின்றன. ஒரே கையில் ஒரு விரல் கட்டையைப் பிடித்தபடி இருக்க, பக்கத்து விரல் வேறொரு வரியைப் பாட வேண்டும். ஆக்டேவைத் தாண்டும் கோர்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரும். பெடலை அழுத்தி ஒப்பேற்றினால் நான்கு குரலும் குழம்பி ஒரே இரைச்சலாகிவிடும்.

அதே தொகுப்பின் (‘கிண்டர்ஸ்சேனன்’, ஓபஸ் அதாவது படைப்பு எண் 15, 1838) முதல் பீஸை எடுங்கள். ‘அயல்நாடுகளும் மனிதர்களும்’ என்று அர்த்தம் வரும் தலைப்பு. ஜி மேஜர், 22 பார். மேலே மெட்டு, கீழே பேஸ், நடுவில் மூன்று மூன்றாக ஓடும் ட்ரிப்லெட். அந்த ட்ரிப்லெட்டை இரண்டு கைகளும் பங்குபோட்டு வாசிக்கின்றன, சிக்கல் அங்கேதான். கை மாறும் இடத்தில் கட்டைவிரல் ‘டொக்’கென்று விழுந்து மெட்டை மறைத்துவிடும்.

முதலில் நடுக்குரலை விட்டுவிட்டு மெட்டும் பேஸும் மட்டும் வாசியுங்கள். பிறகு நடுக்குரலை மட்டும் எடுத்து, கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் கை எங்கே விட்டது என்று தெரியாத அளவுக்குச் சமமாக்குங்கள். அதற்கப்புறம்தான் மூன்றையும் சேர்க்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சேர்த்தால் ஒவ்வொரு ட்ரிப்லெட்டின் முதல் சுரமும் இடிக்கும், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இதுவும் கனமாகத் தெரிந்தால் ஓபஸ் 68, ‘இளையோர் ஆல்பம்’ (1848). அதன் முதல் பீஸ் ‘மெலடி’ உங்கள் நிலைக்குத் தாராளமாகப் பொருந்தும்.

கருப்புக்கட்டை:
ஷோப்பானின் ஓபஸ் 28 பிரிலூடுகளில் (சின்னத் தனிப் பீஸ்கள்) 4ஆம் எண், இ மைனர், 25 பார். வலது கையில் மெட்டு நகர்வதே அரிது, பி-யும் சி-யுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். கதை முழுக்க இடது கையில். ஜி–பி–இ என்று தொடங்கும் கோர்டு, சில இடத்தில் ஒரு விரல், சில இடத்தில் இரண்டு என்று அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்குகிறது.

மாறும் ஒவ்வொரு கோர்டையும் ஒரே ஒரு தடவை அழுத்திப் பிடித்து, இடது கையை மட்டும் கடைசிவரை கொண்டுபோங்கள். எந்த விரல் நகர்கிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். அது பழகியபின் எழுதியிருப்பதுபோல் பாருக்கு எட்டுத் தட்டாக வாசிக்கலாம். அப்போதும் கட்டையை முழுக்க மேலே வரவிடாதீர்கள். விரல் கட்டையை விட்டுப் பிரியாமல், பாதி எழுந்ததும் திரும்ப அழுத்த வேண்டும். கையைத் தூக்கித் தட்டினால் டைப்ரைட்டர் சத்தம்தான் வரும்.

இன்னொரு தப்பு, ஆரம்பத்திலேயே உருகி உருகி வேகத்தை இழுப்பது. 16ஆம் பாரில் ‘ஸ்ட்ரெட்டோ’ (வேகத்தைக் கூட்டு) என்று எழுதியிருக்கிறார், 17இல் உச்சம். அதுவரை அடக்கி வைத்திருந்தால்தான் அந்த இடம் வெடிக்கும். 23ஆம் பாரில் ஃபெர்மாட்டா (நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி) போட்ட மௌனம் வருகிறதே, அதை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். அந்த மௌனத்துக்காகவே இந்தப் பீஸைக் கற்கலாம்.

7ஆம் எண், ஏ மேஜர், இன்னும் சின்னது: 16 பார். 12ஆம் பாரின் கோர்டு உங்கள் கைக்கு எட்டாது. கீழ்ச் சுரங்களை ஒரு கணம் முன்னால் வாசித்துப் பெடலில் பிடித்துக்கொண்டு மேலே விரியுங்கள். மேல் சுரம் தாளத்தில் விழ வேண்டும்.

இரவுமெட்டு:
இ மைனர் பிரிலூடைத் தொட்டுப் பார்த்தேன். பெடல் போட்டாலே மொத்தமும் கலங்குகிறது. விட்டால் வறண்டுபோகிறது.

நடுக்குரல்:
கோர்டும் பெடலும் ஒரே நேரத்தில் கீழே போவதால் வரும் கோளாறு. விரல் புதுக் கோர்டை அழுத்தும்போது கால் மேலே வர வேண்டும், ஒலி வந்தபின் கால் இறங்க வேண்டும். நான்கே கோர்டுகளை எடுத்து மெட்ரோனோம் 60இல் பழகுங்கள்: முதல் தட்டில் கோர்டு, கால் மேலே, இரண்டாம் தட்டில் கால் கீழே. இந்தப் பிரிலூடில் இடது கை மாறும்போதெல்லாம் பெடலும் மாற வேண்டும், பாருக்கு ஒன்று போதாது.

மூன்றாவதாக க்ரீகின் ‘அரியெட்டா’, லிரிக் பீஸஸ் ஓபஸ் 12 எண் 1 (1867). 23 பார். நடுக்குரலை இங்கேயும் இரண்டு கையும் பங்கிடுவதால், ஷூமானில் பழகியது அப்படியே உதவும். அவருடைய 66 லிரிக் பீஸ்களில் இது முதலாவது. கடைசியான ஓபஸ் 71 எண் 7இல் (1901) இதே மெட்டை வால்ட்ஸாக மாற்றித் திரும்பக் கொண்டுவருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ் 1974இல் பதிவுசெய்த தொகுப்பில் எவ்வளவு மெல்ல வாசித்தாலும் மெட்டு மட்டும் தனியாக ஒளிர்வதைக் கவனியுங்கள்.

ட்ராய்மெராயைக் கேட்க வேண்டுமானால் பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் 1986இல் மாஸ்கோவில் வாசித்தது. முதல் தடவை எஃப் வரை ஏறும் வரி அடுத்த தடவை ஏ வரை போகும். அந்த ஏ-யை அவர் எப்படித் தொடுகிறார் என்று ஸ்கோரை (இசைக்குறிப்புத் தாள்) கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.