துப்பறியும் குறுநாவல்: துரத்தல் இருக்கிறது, வேகம் இல்லை

வேளச்சேரி வாசகி:
வணக்கம். வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை பறக்கும் ரயிலில் போய்வரும் நேரத்தில் பழைய மாத நாவல்களைப் படித்துப் படித்தே எனக்கும் ஒன்று எழுதும் ஆசை வந்தது. பெசன்ட் நகரில் பூட்டிய வீட்டுக்குள் ஒரு முதியவர் இறந்து கிடக்கிறார். "கடற்காற்று இதமாக வீசிய அந்த மார்கழிக் காலையில்" என்று தொடங்கி நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். இரண்டு துரத்தல்கள் இருந்தும், படித்துப் பார்த்த என் தம்பி பன்னிரண்டாம் பக்கத்திலேயே கைப்பேசியை எடுத்துவிட்டான். வாக்கியங்களைச் சுருக்கினால் வேகம் வந்துவிடுமா?

மாடிவீட்டு மணி:
சுருக்கினால் படிப்பவருக்கு மூச்சு வாங்குமே தவிர, வேகம் வராது. விடை தெரியாத ஒரு கேள்வி வாசகர் மனத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மார்கழிக் காலை போகட்டும், "வெளியே பூட்டு தொங்கியது, உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது" என்று தொடங்கிப் பாருங்கள். பூட்டியது யார் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது. அதற்கு விடை சொல்லும் முன் அடுத்த முடிச்சைப் போட்டுவிட்டால், நடுவில் ஆய்வாளர் நிதானமாகக் காபி குடித்தாலும் வாசகர் காத்திருப்பார். ஆய்வாளருடைய பள்ளிப் பருவத்தை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
நீதிமன்றத்தில் பணியாற்றியவன் என்பதால் ஒரு திருத்தம் சொல்லத் தோன்றுகிறது. இப்போது வரும் கதைகளிலும் "302-இல் உள்ளே தள்ளுவேன்" என்று ஆய்வாளர்கள் மிரட்டுகிறார்கள். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்கு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவுதான் பொருந்தும். இதைப் பாத்திரங்கள் பாடமாக விளக்க வேண்டியதில்லை. எண் சரியாக இருந்தால் போதும். நடைமுறையைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு லாபமும் உண்டு. விஷம் என்ற சந்தேகம் எழுந்தால், பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் உள்ளுறுப்பு மாதிரிகள் மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போகும். அந்த அறிக்கை மறுநாளே வந்துவிடாது. முந்தைய நண்பர் சொன்ன காத்திருப்பை நடைமுறையே உங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த இடைவெளியில் சந்தேகத்துக்குரியவர் ஊரைவிட்டுக் கிளம்பலாம் அல்லவா?

அடையாறு ஆலமரம்:
மணி அவர்களுடன் உடன்படுகிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. அத்தியாய முடிவில் கதவு கிரீச்சிட்டு, அடுத்த அத்தியாயத்தில் பூனை வெளியே வந்தால், ஒரு முறை மன்னிப்பார்கள். மறுமுறை புத்தகத்தை மூடிவிடுவார்கள். உங்கள் ரயில் வழியில், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே பழைய துப்பறியும் நாவல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

வேளச்சேரி வாசகி:
மூவருக்கும் நன்றி. முதல் மூன்று பக்கங்களை எடுத்துவிட்டேன். மின்விசிறி ஓடுகிறது, ஆனால் அந்தத் தெருவில் காலையிலிருந்தே மின்தடை என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வதாக இப்போது எழுதியிருக்கிறேன். அந்த வீட்டுக்கு மட்டும் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று தம்பி இரண்டு முறை கேட்டுவிட்டான். அது எனக்கும் இன்னும் தெரியவில்லை.