சைட்டில் வருகைப்பதிவு போனுக்கு மாறிய பிறகு: உங்கள் அனுபவம் என்ன?

டைம்கீப்பர், சென்னை, அடுக்குமாடி சைட்:

எங்கள் சைட்டுக்கு முதலில் வந்தது கைரேகை மெஷின். அதிகம் அவதிப்பட்டது கலவை போடும் சித்தாள் பெண்களும் கொத்தனார்களும்தான். ஈரச் சிமென்ட்டில் காரம் அதிகம். நாள் முழுக்க அதில் புழங்கினால் விரல் ரேகை தேய்ந்துபோகும். காலையில் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து விரலை வைப்பார்கள், மெஷின் ஏற்காது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அப்புறம் முகம் பார்க்கும் செயலி வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றணும், வெளிச்சம் வேணும், ஆனாலும் பழையதைவிடப் பரவாயில்லை.

இதனால் நடந்த நல்லதையும் சொல்லணும். பழைய மஸ்டர் ரோலில், அதாவது கையால் எழுதும் வருகைப் பேரேட்டில், வராத ஆளுக்கும் பேர் ஏறும். லேபர் கான்ட்ராக்டர் 40 பேருக்குக் கூலி வாங்கினால், வேலையில் நிற்பது 35 பேராக இருக்கும். எங்கள் சைட்டில் அது நின்றுவிட்டது.

என் ஆதங்கம் வேறு. 1996-இல் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் வந்து, இன்றும் தொடரும் விதிப்படி, 18 முதல் 60 வயதுக்குள் இருக்கும் ஒருவர் கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை பார்த்திருந்தால் நல வாரியத்தில் பதியலாம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ் என்ற தனி வரி பிடிப்பதே வாரியம் தரும் உதவிகளுக்காகத்தான். அந்த 90 நாளின் கணக்கு கம்பெனியிடம் நிமிடம் பிசகாமல் இருக்கிறது. வேலை பார்த்தவரோ சான்றுக்காக மேஸ்திரி பின்னால் அலைகிறார். சைட் முடிந்து ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் போகிறார்கள். கேட்பவர்களுக்கு நான் மாத வருகைத் தாளை அச்செடுத்துக் கொடுக்கிறேன். தொழிலாளியே தன் போனில் எடுத்துக்கொள்ள செயலியில் ஒரு வசதி வைத்தால் போதும். உங்கள் சைட்டில் எங்காவது அப்படி இருக்கிறதா?

கம்பி வேலை, சிங்கப்பூர் (ஊர் புதுக்கோட்டை):

எங்கள் செயலியிலும் தொழிலாளி பார்க்க எதுவும் கிடையாது அண்ணே. ஆனால் இங்கே 2016 ஏப்ரலில் இருந்து சம்பள விவரச் சீட்டு கொடுத்தே ஆகணும். டார்மிட்டரியில் தங்கும் எங்களுக்கு 2020 ஜூலையில் இருந்து சம்பளத்தைக் கையில் கொடுக்கக் கூடாது, கணக்கில்தான் போடணும். வாரம் 44 மணி நேரத்தைத் தாண்டினால் ஓடி (ஓவர்டைம் கூலி), அடிப்படைச் சம்பளத்தில் மணிக்கு ஒன்றரை மடங்கு.

ஸ்லாப் காங்கிரீட் இரவு வரை இழுத்த ஒரு மாதம், ஓடி குறைவாக வந்தது. கேட்டில் முகம் காட்டி வெளியேறிய நேரம் 9 மணிக்கு மேல். ஃபோர்மேன் தன் செயலியில் போட்டது 7 மணி. சம்பளம் போடுவது ஃபோர்மேன் கணக்கை வைத்து என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் தினமும் கேட் திரையைப் போனில் படம் பிடித்து வைப்பேன். ஆபீஸில் அதைக் காட்டியதும் அடுத்த மாதச் சீட்டில் சேர்த்தார்கள். கூட வேலை பார்த்த வங்காளதேசத் தம்பிகளிடம் படம் இல்லை. கேட் பதிவை எடுத்துப் பாருங்கள் என்று நான் விடாமல் கேட்ட பிறகே அவர்களுக்கும் வந்தது. ஆபீஸில் சரியாகாவிட்டால், சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டிஏடிஎம் (TADM) அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளில் இருந்து 6 மாதத்துக்குள் கொடுத்துவிடணும், தள்ளிப்போடாதீர்கள்.

சேஃப்டி சூப்பர்வைசர், கோவை:

வருகையை விட எனக்குக் கவலை டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு. அதுவும் இப்போது செயலிக்குள் வந்துவிட்டது. காலை 8 மணிக்குள் குழுப் படம் ஏறியாக வேண்டும். அதனால் முதலில் படம், பிறகு பேச்சு என்று ஆனது. அவசர நாட்களில் படம் மட்டும்தான். ஆபீஸ் திரையில் எல்லாமே பச்சையாகத் தெரியும். எங்கள் ஆட்களில் பலர் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள். பாதுகாப்பு பெல்ட் கொக்கியை எங்கே மாட்டணும் என்பதை வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டணும். அதற்கு நேரம் பிடிக்கும். நான் ஒருவரை மாட்டிக் காட்டச் சொல்லி, மற்றவர்களையும் மாட்ட வைத்து, கடைசியில்தான் படம் எடுக்கிறேன். தாமதம் என்று சிவப்புக் குறி விழுகிறது. நேரத்தை 8.15 ஆக மாற்றச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.